ஒருத்தியின் வீடு: தனியாகப் புதிதாகத் தொடங்கும் பெண் தன் முதல் வீட்டை அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருமண வாழ்க்கை முடிந்து ஆதம்பாக்கத்தில் வாடகைக்கு வந்தபோது என்னிடம் இருந்தவை ஆறு அட்டைப்பெட்டிகள், ஒரு தையல் இயந்திரம், ஒரு மடக்கு நாற்காலி. இரண்டாம் மாடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, மேற்குப் பார்த்த சமையலறை. மொத்தம் 430 சதுர அடி. அப்போது எனக்கு வயது 36. அதுவரை நான் வாழ்ந்தவை எல்லாம் பிறர் வீடுகள்: அப்பா வீடு, கல்லூரி விடுதி, மாமியார் வீடு. சுவரில் ஆணி எங்கே அடிப்பது என்பதை ஒருமுறைகூட நான் முடிவு செய்ததில்லை.

இப்படி ஒரு நாள் கையில் சாவியோடு வெறும் வீட்டில் நிற்கப்போகும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிந்து வந்தவர்கள், துணையை இழந்தவர்கள், வேலைக்காக ஊர் விட்டு வந்தவர்கள், திருமணம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் என எல்லோருக்கும். நான் அறிந்தது சென்னை. ஆனால் வெயிலும் புழுக்கமும் கொசுவும் ஐப்பசி மழையும் உள்ள எந்த ஊருக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு அந்த வீட்டில் யார் தூங்கி எழுகிறாரோ, அவருக்காக வீட்டை அமையுங்கள். "நாளைக்கு யாராவது வந்தால்" என்று அறையை அடைக்கும் பெரிய கட்டில் வாங்குவதும், "எத்தனை நாளைக்கு இந்த வீடு" என்று காபியை பிளாஸ்கு மூடியில் குடிப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். முதல் மூன்று மாதம் நான் இரண்டாவதைத்தான் செய்தேன். டம்ளர் வாங்க முப்பது ரூபாய் இல்லாமல் இல்லை. வாங்கினால் இங்கேயே இருந்துவிடுவேனோ என்ற பயம்.

1. அழகுக்கு முன் பூட்டு

முன்பு குடியிருந்தவர், அவர் வீட்டு வேலைக்கு வந்தவர், தரகர் என்று உங்கள் கதவின் சாவி எத்தனை பேரிடம் இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. குடிவந்த அன்றே பூட்டை மாற்றுங்கள். கதவுக்குள் பதிந்த பூட்டு என்றால் சாவி நுழையும் உருளையை மட்டும் பூட்டுக்காரர் மாற்றித் தருவார். பழையதைக் கழற்றி ஒரு பையில் போட்டு வைத்திருந்து, காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிடலாம். தொங்குபூட்டு என்றால் திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கைவினை அது. பல தலைமுறையாகக் கையாலேயே செய்யப்படுகிறது. மாற்றுச்சாவியை நம்பகமான தோழியிடம் கொடுத்து வையுங்கள். அதே ஊரில் இருக்கும் தோழியாக இருக்க வேண்டும். சாவி தொலையும் இரவில் மதுரையில் இருக்கும் அம்மாவிடம் உள்ள மாற்றுச்சாவி உதவாது.

கதவில் பார்வைத்துளை இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். உட்புறத் தாழ்ப்பாள் தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் பழைய துளையிலேயே சற்று நீளமான திருகாணிகளைப் போட்டாலே இறுகிவிடும்.

அடுத்தது காகிதம். தமிழ்நாட்டில் வாடகைக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும் என்கிறது அது. வேறு உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வீட்டைப் பார்க்க உரிமையாளர் உள்ளே வருவதானால் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்தக் கடைசி விதி பெரிய பலம். நான் வீடு தேடியபோது "கூட யார் இருப்பார்கள்?" என்று கேட்டுக் கதவை மூடியவர்கள் பலர். வீடு கிடைத்த நன்றியில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடத் தோன்றும். படித்துவிட்டுப் போடுங்கள். ஆணி அடிக்கலாமா, ஒரு சுவருக்கு வேறு வண்ணம் பூசலாமா என்பதையும் அன்றே கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாக வாங்கி வையுங்கள்.

மூன்றாவது கொசுவலை. எல்லா ஜன்னலுக்கும் ஒட்டித் திறக்கும் வலை போட்ட பிறகுதான் மற்ற எல்லாம். சென்னையில் மாலை ஐந்தரைக்கு ஜன்னலை மூடிக்கொண்டு வாழ்பவர்களுக்குக் காற்று வரும் நேரமே கிடைப்பதில்லை.

2. பாலை நீங்களே காய்ச்சுங்கள்

பால் காய்ச்சப் போகிறேன் என்றதும் அம்மா, "அண்ணனும் அண்ணியும் வந்து காய்ச்சட்டும்" என்றார். தம்பதியாக நின்று காய்ச்சினால்தான் வீடு விளங்கும் என்பது அவர் நம்பிக்கை. நான் மறுத்து வாதாடவில்லை. "அவர்களும் வரட்டும், அடுப்பை நான் பற்ற வைக்கிறேன்" என்றேன். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தபோது அம்மா எதுவும் பேசாமல் தன் பையிலிருந்து பித்தளைக் காமாட்சி விளக்கை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அவருடைய அம்மா அவருக்குக் கொடுத்த விளக்கு அது.

நம்பிக்கை இல்லாதவர்கள் விளக்கு இல்லாமல் ஒரு டம்ளர் தேநீர் போட்டுக் குடிக்கலாம். முதல் அடுப்பை நீங்கள் மூட்டுங்கள், அவ்வளவுதான்.

3. பத்து நாள் எதுவும் வாங்காதீர்கள்

பாய், தலையணை, பக்கெட், ஒரு பாத்திரம், ஒரு விளக்கு. இவற்றோடு பத்து நாள் இருங்கள். வீடு எங்கே வெந்து, எங்கே குளிர்ந்து, எங்கே இருண்டு கிடக்கிறது என்பது நாளின் எல்லா நேரத்திலும் அதற்குள் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஏழு, நண்பகல், மாலை நான்கு ஆகிய நேரங்களில் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது? எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் உங்கள் கூடத்தில் எவ்வளவு தெரிகிறது? தண்ணீர் மோட்டார் எந்தச் சுவருக்குப் பின்னால் உறுமுகிறது? வீட்டுக்குள் வந்ததும் கைப்பையை எங்கே வைக்கிறீர்கள்? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். பத்து நாளும் கைப்பை விழும் இடத்தில்தான் கொக்கி வேண்டும். செருப்பு கழற்றும் இடத்தில்தான் செருப்பு அலமாரி வேண்டும். உடம்பு ஏற்கெனவே வீட்டை வகுத்து வைத்திருக்கும். அதைப் பார்த்து எழுதிக்கொண்டால் போதும்.

என் வீட்டில் நான் கண்டுபிடித்தது இது. படுக்கையறையின் மேற்குச் சுவர் மாலை முழுதும் வெயில் குடித்து, இரவு பதினொரு மணி வரை அனலைத் திருப்பிக் கொடுத்தது. கட்டிலை அங்கே போட்டிருந்தால் மின்விசிறிக்கும் பலன் இருந்திருக்காது. பீரோவை அந்தச் சுவரோரம் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தினேன்; கட்டில் வடக்கே போனது.

பத்தாம் நாள் இஞ்ச் டேப்பை எடுங்கள். அறையின் நீள அகலம் மட்டும் போதாது. வாசற்கதவின் அகலம், படிக்கட்டு திரும்பும் இடம், கதவு திறந்தால் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது, மின்சுவிட்சுகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதையும் அளங்கள். பிறகு வாங்க நினைக்கும் கட்டில், மேசை ஆகியவற்றின் அளவில் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, ஒரு நாள் அவற்றைச் சுற்றி நடமாடுங்கள். தாளை மிதிக்காமல் நடக்க முடியவில்லை என்றால் அந்தச் சாமான் அந்த அறைக்குப் பெரியது.

4. பணமும் வரிசையும்

முன்பணம் போக என்னால் 75,000 ரூபாய் ஒதுக்க முடிந்தது. மூன்றில் ஒரு பங்கு தூக்கத்துக்கு: கட்டில், மெத்தை, விசிறி. கால் பங்கு சமையலறைக்கு. பூட்டு, வலை, விளக்கு, திரை ஆகியவற்றுக்குச் சுமார் 12,000. பத்தாயிரத்தை ஆறு மாதம் தொடவே இல்லை. வீட்டில் வாழ்ந்து பார்த்த பிறகு தேவைப்படும் பொருள்கள் வேறாக இருக்கும். அதற்கான பணம் அது. மரச்சாமானுக்குத் தவணைக் கடன் வாங்காதீர்கள். புது வாழ்வின் முதல் ஆண்டில் மாதாமாதம் ஐயாயிரம் போய்க்கொண்டே இருப்பது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் நிம்மதியைத் தராது.

பொருள் வாங்க ஒரே அளவுகோலைத்தான் வைத்திருந்தேன்: ஒருத்தியால் நகர்த்த முடியுமா? பெருக்கும்போது, மழை உள்ளே அடிக்கும்போது, நடு இரவில் பல்லி விழும்போது, கூப்பிட ஆள் இல்லை. தனியாக நகர்த்த முடியாத சாமான் ஒவ்வொன்றும் யாருக்காகவோ நம்மைக் காத்திருக்க வைக்கும். பீரோ ஒன்றுக்குத்தான் விதிவிலக்கு கொடுத்தேன். அதையும் ஏற்றி வந்த ஆள்கள் கிளம்பும் முன்பே சரியான இடத்தில் நிறுத்தி, நான்கு காலுக்கும் ரப்பர் குமிழ் போட்டுவிட்டேன்.

5. படுக்கை

கூடத்தைப் பிறர் பார்ப்பார்கள் என்பதால் முதலில் சோபா வாங்குவது நம் வழக்கம். அதை மாற்றுங்கள். புதிதாகத் தனியாக வந்தவளுக்குத் தூக்கம்தான் கடினம், எனவே படுக்கையறை முதலில் முடியட்டும்.

ஒற்றைக் கட்டில் வழக்கமாக 3 அடி அகலம், ஆறேகால் அடி நீளம். இரட்டைக் கட்டில் 5 அடி முதல் 6 அடி. இரண்டுக்கும் நடுவில் 4 அடி அகலக் கட்டில் ஒன்று உண்டு. கடையில் முன்வரிசையில் இருக்காது, கேட்டால் காட்டுவார்கள். புத்தகம், போன், இன்னொரு தலையணை எல்லாம் பக்கத்தில் கிடக்க, கை கால் விரித்துத் தூங்க அது போதும். அம்மா வந்தால் இருவர் படுக்கலாம். பத்துக்குப் பத்து அறையில் நடக்கவும் இடம் மிஞ்சும்.

மெத்தை வாங்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள். நம் புழுக்கத்துக்கு இலவம் பஞ்சு மெத்தைக்கு ஈடில்லை; போடிநாயக்கனூர் பக்கத்துப் பஞ்சு பெயர் பெற்றது. ஆனால் அதை அவ்வப்போது வெயிலில் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டிதட்டிவிடும். முழு மெத்தையைத் தனியாக மொட்டைமாடிக்குத் தூக்கிப் போக முடியாது. நான் செய்தது: கீழே 4 அங்குலத் தென்னைநார் மெத்தை, அது கட்டிலைவிட்டு நகராது, மேலே இரண்டு அங்குல இலவம் பஞ்சு மெத்தை, பாய்போலச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறிவிடலாம். மாதம் ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்கு விரித்துவிட்டு, மாலை நான்குக்கு எடுத்துவந்து படுத்தால், வெயில் மணம் தலைக்கடியில் இரவு முழுக்க இருக்கும்.

விரிப்புக்குச் சென்னிமலைப் பருத்திப் போர்வைகள் வருடக்கணக்கில் உழைக்கும். கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கிடைக்கும். தீபாவளி நேரத்துத் தள்ளுபடி வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள். வெளிர்நிறத்தில் ஒன்று, அடர்நிறத்தில் ஒன்று, மாற்ற ஒன்று என மூன்று போதும்.

விசிறியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் 54 யூனிட். புதிய வகைச் சிக்கன விசிறி 30 வாட்தான் இழுக்கும். அதே ஓட்டத்துக்கு 22 யூனிட் கூட ஆகாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், குளிர்சாதனம் இல்லாத ஒற்றை ஆள் வீட்டில் இந்த ஒரு மாற்றமே கட்டணத்தைச் சொற்பமாக்கிவிடும். வீட்டுக்காரரின் பழைய விசிறியைக் கழற்றிப் பரணில் வையுங்கள். போகும்போது உங்களுடையதைக் கூடவே எடுத்துப் போகலாம்.

6. விளக்கு

இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து திரும்பி, சாவியைத் திருப்பி, இருட்டு வீட்டுக்குள் கால் வைக்கும் அந்த நொடி. தனியாக வாழ்வதில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது அதுதான். காலியான கட்டிலோ தனியாகச் சாப்பிடுவதோ அவ்வளவு வலிக்கவில்லை.

அதற்குத் தீர்வு கிடைத்தது ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் பல்பில். வாசற்கதவுக்கு மேலே சாதாரண ஹோல்டரிலேயே அதை மாட்டலாம், மின்பணியாளர் வேண்டாம். கதவு திறந்ததும் மஞ்சள் ஒளி விழும். சில நூறு ரூபாய்ப் பொருள்தான். இந்தப் பட்டியல் முழுவதிலும் ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள் என்பேன்.

பல்பு உறையில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 2700 முதல் 3000 வரை மாலை வெயில்போல மஞ்சள்; 4000 நடுத்தரம்; 6500 டியூப்லைட் வெள்ளை. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 3000, சமைக்கும் மேடைக்கும் கண்ணாடிக்கும் 4000 வாங்குங்கள். கூரை நடுவில் ஒரே வெள்ளை விளக்கு எரியும் அறை மருத்துவமனையின் காத்திருப்பு அறைபோலத்தான் இருக்கும்; அதே அறையில் மூலைக்கு ஒன்றாக இரண்டு சிறு மஞ்சள் விளக்குகளை வைத்துப் பெரியதை அணைத்துப் பாருங்கள். கட்டிலிலிருந்து எழாமல் கை எட்டும் தூரத்தில் ஒரு விளக்கின் சுவிட்ச் இருக்க வேண்டும். சமையல் மேடையில் உங்கள் நிழலே காய்கறி மேல் விழுகிறதென்றால், மேல் அலமாரியின் அடியில் ஒட்டும் பட்டை விளக்கு ஒன்று போடுங்கள், விரல் தப்பும்.

7. திரையும் நிறமும்

ஆயத்தத் திரைகள் 5, 7, 9 அடி நீளத்தில் கிடைக்கும். ஒன்றின் அகலம் சுமார் 4 அடி. மடிப்பு விழுந்து அழகாகத் தொங்க, ஜன்னல் அகலத்தைப்போல் இரு மடங்கு துணி வேண்டும். நான்கடி ஜன்னலுக்கு இரண்டு திரை. வெயில் புகாத கனத்த துணியை நனைத்துத் தூக்கிப் பிழிந்து பார்த்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும். நம் அளவுகோல் இங்கேயும் செல்லும். கைத்தறிப் பருத்தியே போதும். வெயில் அடிக்கும் மேற்கு ஜன்னலுக்கு மட்டும் இரண்டு அடுக்காகப் போடுங்கள்.

எதிர்வீடு நெருக்கமாக இருந்தால் ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் திரை போடலாம். மேல்பாதி வழியே வானமும் வெளிச்சமும் வரும், உள்ளே யார் இருக்கிறார் என்பது வெளியே தெரியாது. பார்வைக்குப் பயந்து பகலிலும் முழுத் திரையை மூடி வைத்திருக்கும் பெண்களின் வீடுகள் பல பார்த்திருக்கிறேன். பாதித் திரை அவர்களுக்கு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்க வண்ண அட்டையோடு போராட வேண்டாம். உங்கள் புடவைகளில் கட்டக் கட்ட அலுக்காத ஒன்றை எடுத்துத் தரையில் விரியுங்கள். நெசவாளர் உங்களுக்காக நிறங்களின் அளவை ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறார். புடவையின் உடல் நிறம் வீட்டின் பெரும்பரப்புக்கு: திரை, விரிப்பு. கரை நிறம் சிறு பொருள்களுக்கு: திண்டு உறை, விளக்குக் கூடு, கால்மிதி. முந்தானையின் நிறம் ஒரே ஓர் இடத்துக்கு. என்னுடையது வெந்தய நிறத்தில் அரக்குக் கரை போட்ட செட்டிநாட்டுப் பருத்தி. முந்தானையில் ஒரு மயில்கழுத்துக் கோடு இருந்தது. கூடத்தில் ஒரு சுவருக்கு அதே நிறம் பூசினேன்.

நானேதான் பூசினேன். பத்தடிக்குப் பத்தடிச் சுவர், 100 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு 2 லிட்டர் போதுமாக இருந்தது. உரிந்த இடத்தைத் தேய்த்து, பட்டி பூசி, காய்ந்ததும் மீண்டும் தேய்த்துத் துடைத்த பிறகே வண்ணம். அந்த உழைப்புதான் பாதி வேலை. பூசுவது ஒரு பகல். சுவரில் ஈரம் பூத்திருந்தால் பூசவே பூசாதீர்கள், உரிந்துவிடும். மழைக்காலம் கழிந்து தை பிறந்ததும் தொடங்குங்கள்.

8. சமையலறை

இரண்டு லிட்டர் குக்கர், இரும்புத் தோசைக்கல், ஒரு வாணலி, ஒரு பால் பாத்திரம், நல்ல கத்தி, சிறிய மிக்சி. ஒருத்திக்கு இவ்வளவுதான் வேண்டும். தட்டும் டம்ளரும் நான்கு நான்கு. பன்னிரண்டு பேருக்கான சாப்பாட்டுச் செட்டை யாராவது பரிசாகத் தந்தால் நன்றி சொல்லிப் பரணில் ஏற்றுங்கள்.

14.2 கிலோ எரிவாயு நிறைந்த சிலிண்டர் இரும்பின் எடையும் சேர்ந்து 30 கிலோ அளவில் வரும். 5 கிலோ சிலிண்டரை ஒரு கையால் உருட்டி மாட்டலாம். முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையைக் காட்டியே வாங்கவும் வழி உண்டு. புது ஊரில் முதல் மாதத்துக்கு இது பெரிய உதவி. தண்ணீர்க் கேனும் அப்படியே: 20 லிட்டர் என்றால் 20 கிலோ. தலைகீழாகக் கவிழ்க்கும் தாங்கி வேண்டாம். கேனைத் தரையிலேயே வைத்து மேலே அழுத்து பம்பு பொருத்துங்கள். மின்தூண்டல் அடுப்பு வாங்குவதானால் சமையலறையில் 15 ஆம்பியர் பெரிய பிளக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாத்திரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் ஆறு பெட்டிகளில் இரண்டு எவர்சில்வர். கல்யாணச் சீராக வந்தவை. சம்படம், தூக்கு, தவலை என ஒவ்வொன்றின் விளிம்பிலும் புள்ளிப் புள்ளியாக வெட்டிய எழுத்துகளில் அவர் பெயரின் முதலெழுத்தும் கல்யாணத் தேதியும். தினமும் அரிசி எடுக்கும்போது கட்டைவிரல் அந்த எழுத்துகள் மேல் படும். பார்க்காமல் இருக்கலாம், விரலுக்குத் தெரியும்.

அவற்றை எடைக்குப் போட்டு, மயிலாப்பூரில் ஒரு பாத்திரக் கடையில் ஐந்து சம்படங்கள் வாங்கினேன். கடைக்காரர் பெயர் வெட்டும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "யார் பெயர் போட வேண்டும், அம்மா?" என்றார். என் பெயரைச் சொன்னேன். "சார் பெயர்?" என்றார். "என் பெயர் மட்டும் போடுங்கள்" என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கருவி கிர்ரென்று ஓட, ஐந்து விளிம்பிலும் ஐந்து முறை என் பெயர் வந்தது. கடைசிச் சம்படத்தைத் துணியால் துடைத்துக் கொடுக்கும்போது, "தேதி போடட்டுமா?" என்று கேட்டார். அன்றைய தேதியைப் போடச் சொன்னேன்.

எல்லோரும் பழையதைப் போட்டுவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கணவரை இழந்த என் தோழி, அவர் பெயர் வெட்டிய டம்ளரில்தான் இன்றும் காபி குடிக்கிறார். அவர் வீட்டில் அதற்குத்தான் முதல் இடம். எது தங்கும், எது போகும் என்பதை முதல் மாதத்தில் முடிவு செய்யாதீர்கள். பழைய பெட்டிகளை மாதம் ஒன்றாகப் பிரியுங்கள். கோபத்தில் எறிந்தது திரும்பி வராது.

9. உட்காரும் இடம்

சோபா வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். அகலமான பவானி ஜமுக்காளம் ஒன்று, அதன் மேல் இரண்டு திண்டு. நான்கு தோழிகள் வந்தாலும் உட்காரலாம், போனதும் மடித்து வைக்கலாம். ஈரோடு மாவட்டத்து அந்தத் தடித்த வரிநெசவு புவிசார் குறியீடு பெற்றது. வாங்கும்போது பருத்திதானா என்று கேட்டு வாங்குங்கள். கோடைக்குத் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைக் கோரைப்பாய், மதியத் தூக்கத்துக்கு. இரண்டையும் தொடர்ந்து ஈரத்தரையில் விரித்து வைக்காதீர்கள்.

ஆனால் ஒரு நாற்காலி மட்டும் நல்லதாக வேண்டும். மூட்டு வலியோடு வரும் அம்மாவுக்கும், மழை பார்க்க உட்காரும் உங்களுக்கும். சேப்பாக்கம் பெல்ஸ் ரோட்டில் பிரம்பு நாற்காலிக் கடைகள் இருக்கின்றன. உட்கார்ந்து, சாய்ந்து, பத்து நிமிடம் இருந்து பார்த்து வாங்குங்கள். பிரம்பு கனமில்லை; காலையில் பால்கனியிலும் இரவில் விளக்கடியிலும் ஒரே நாற்காலி. மரத்தூள் பலகையில் செய்த மலிவுச் சாமானைத் தவிருங்கள். தினமும் தரை துடைக்கும் நம் வீடுகளில் அதன் அடிப்பாகம் ஊதிவிடும்.

செடிகளுக்கு வெயிலைப் பார்த்துத் தேர்வு. மேற்கு வெயிலுக்குத் துளசி, செம்பருத்தி, காகிதப்பூ. உள்ளே நிழலுக்கு மணி பிளான்ட். மூன்று தொட்டியில் தொடங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

10. கொடுத்து வாங்க இரண்டு சம்படம்

வீடு அமைந்த பிறகு பக்கத்து வீட்டாரிடம் பழக வேண்டும். தனியாக இருப்பவளுக்கு அதுவும் ஒரு பூட்டுதான். ஐந்து சம்படங்களில் சிறியவை இரண்டைத் தனியாக எடுத்து, வாசற்கதவுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். நவராத்திரியில் சுண்டல் செய்த அன்று ஒன்றில் போட்டு எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். அதுவரை படிக்கட்டில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

நான்கு நாள் கழித்து அந்த வீட்டுச் சிறுமி கதவைத் தட்டினாள். சம்படத்தை இரு கையாலும் பிடித்திருந்தாள். விளிம்பில் இருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்து, "இது உங்கள் பெயரா, அத்தை?" என்றாள். ஆமாம் என்றேன். உள்ளே முருங்கைக்கீரை இருந்தது. ஊரிலிருந்து பாட்டி ஆய்ந்தே அனுப்பியதாம். கீரையை எடுத்துக்கொண்டு, சம்படத்தைக் கழுவித் துடைத்து, திரும்ப அதே அலமாரியில் வைத்தேன்.